இடது பக்க விளக்கு

தெருவில் அவளுக்குப் புகையக்கா என்று பெயர். இத்தனைக்கும் சிகரெட் பிடிக்கிறவர் பக்கத்தில்கூட நிற்க மாட்டாள். வருடா வருடம் அரசாங்கப் பரிசோதனைக்குப் போக வேண்டிய பழைய கார்களைத் தயார் செய்து அனுப்புவது அவள் தொழில். பிரேக், விளக்கு, டயர், கண்ணாடி, கடைசியாகப் புகை. அந்தப் புகையில்தான் பாதிக் கார்கள் குப்புற விழும். அவள் கை வைத்த கார் விழாது. அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். சொந்தப் பெயரை எங்கேயாவது கையெழுத்துப் போடும்போது அவளே பார்த்துக்கொண்டால் உண்டு.

வயது நாற்பத்து நான்கு. ஒரு கல்யாணம் நடந்து இரண்டாவது வருடமே தேறாமல் போனது. மறு பரிசோதனைக்கு இரண்டு பேருமே போகவில்லை. லாரி நுழையாத ஒரு சந்தில் இரண்டு கார் மட்டும் நிற்கிற பட்டறை, அதற்கு மேலே ஒரு அறை, அந்த அறையில் அவள். இரண்டு தெரு தள்ளி அப்பா வீடு. அம்மா வீடு என்றுதான் வாய்க்கு வந்துகொண்டிருந்தது. பதினோரு மாதமாக அப்பா வீடு.

அம்மா போன நாலாம் நாள் பட்டறையைத் திறந்துவிட்டாள். அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று இரண்டு பேர் காதுபடவே பேசினார்கள். கல்லாவது வெயிலில் சுடும், இவளுக்கு அதுவும் இல்லை. உள்ளே மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். கால் மரத்தால் உதறலாம். இதை எப்படி உதறுவது என்று தெரியவில்லை, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. எழுந்தாள், கார் வந்தது, பார்த்தாள், அனுப்பினாள், படுத்தாள்.

அப்பா பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். முப்பத்தொரு வருடம், வண்டியில் ஒரு கீறல் கிடையாது. கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். அவரிடம் இருப்பது பதினேழு வயதான ஒரு சின்ன வெள்ளைக் கார். அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்யப் போக வேண்டி வந்த நாலு வருடமும் அந்தக் கார்தான் சுமந்தது. திங்கள், புதன், வெள்ளி. ஆஸ்பத்திரிக்குள் அம்மா நாலு மணி நேரம், வெளியே காருக்குள் அப்பா நாலு மணி நேரம்.

அம்மா போன பிறகும் அவர் போவதை நிறுத்தவில்லை. திங்கள், புதன், வெள்ளி, அதே இடத்தில் காரை நிறுத்தி உட்கார்ந்திருந்துவிட்டு மதியம் வீடு திரும்புகிறார். மகளிடம் இதை அவர் சொன்னதில்லை. தன் காரைத் தயார் செய்ய வந்த அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி சொன்னாள். மகள் கேட்டுக்கொண்டாள், நர்ஸின் காருக்கு வைப்பர் ரப்பர் மாற்றிக் கொடுத்தாள், அடுத்த காரைப் பார்த்தாள்.

வெள்ளைக் காருக்குப் பரிசோதனை நாள் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. முந்தின நாள் சாயங்காலம் அப்பா காரைப் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். நிறுத்தும்போதே இடது பக்கச் சக்கரம் வாசற்படியின் ஓரத்தில் ஏறி இறங்கியது. வாசல் குறுகல்தான், யார் வந்தாலும் உரசும் என்று அவளும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விளக்குகளிலிருந்து தொடங்குவது அவள் வழக்கம். பக்கத்தில் காற்றடிக்கும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், கத்தினால் தொண்டைதான் மிச்சம். ஆகையால் எல்லாம் கைஜாடை. காருக்குள் ஒருவர் உட்கார வேண்டும், அவள் எதிரே நிற்பாள். எந்தப் பக்கம் கை தூக்குகிறாளோ அந்தப் பக்க இண்டிகேட்டரை உள்ளே இருப்பவர் போட வேண்டும். இரண்டு கையும் தூக்கினால் பெரிய விளக்கு. வருடா வருடம் இந்த வேலைக்கு அப்பாதான் உள்ளே உட்காருவார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

இடது கையைத் தூக்கினாள். எதிரே உட்கார்ந்திருக்கிற அப்பாவுக்கு அது வலது பக்கம். வலது விளக்கு கண் சிமிட்டியது. வலது கையைத் தூக்கினாள். இடது விளக்கு எரியவில்லை.

பல்ப் போய்விட்டது என்று நினைத்தாள். கழற்றி வேறு பல்ப் போட்டாள். எதிரே போய் நின்று கையைத் தூக்கினாள். எரியவில்லை. ஃபியூஸைப் பார்த்தாள், நன்றாக இருந்தது. ஒயர் துருப்பிடித்திருக்கும் என்று முனையைச் சுரண்டினாள். விளக்கையே கழற்றி இன்னொரு காரின் பாட்டரியில் வைத்துப் பார்த்தாள், ஜோராக எரிந்தது. திரும்பப் பூட்டினாள். அரை மணி நேரம் இப்படியே போனது. அந்த அரை மணி நேரமும் அப்பா பொறுமையாக உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாக இருந்த பல்பைக் கழற்றிவிட்டு நன்றாக இருக்கிற இன்னொரு பல்பைப் போட்ட கதை இது. கார் பார்த்தே பழகிய கண், கோளாறு என்றால் காரில்தான் தேடும்.

கடைசியில் அவளே ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த இண்டிகேட்டர் கம்பியைத் தட்டினாள். இடது விளக்கு பளிச்சென்று எரிந்தது.

மறுபடி எதிரே போய் நின்றாள். வலது கையைத் தூக்கினாள், விரல்களை ஆட்டினாள். அப்பா அவள் முகத்தைப் பார்த்து லேசாகச் சிரித்தார். வேலை நடக்கட்டும் என்று காத்திருக்கிறவரின் சிரிப்பு. அவருடைய இடது பக்கத்தில் ஒரு கை ஆடிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியவில்லை.

அவள் கையை இறக்கினாள். மோட்டாரை நிறுத்திவிட்டு, "இடது போடுங்கப்பா" என்று வாயால் சொன்னாள். அவர் போட்டார். எரிந்தது. "ஒயர்தானே, நான் அப்பவே நெனச்சேன்" என்றார்.

அதற்குப் பிறகு காரை அவள் வேறு கண்ணால் பார்த்தாள். இடது பக்க டயர் இரண்டிலும் ஓரம் தேய்ந்து சதை பிய்ந்திருந்தது. நடைபாதைக் கல்லில் திரும்பத் திரும்ப உரசினால்தான் அப்படி ஆகும். இடது கண்ணாடி ஒரு முறை முழுக்க மடங்கி உடைந்து, பசை நாடாவால் ஒட்டப்பட்டிருந்தது. இடது கதவில், அவள் இடுப்பு உயரத்தில், கையகல நீளத்துக்கு ஒரு நீலக் கீறல். வலது பக்கம் கார் மணப்பெண் மாதிரி சுத்தமாக இருந்தது.

நீலக் கீறலைத் தொட்டுப் பார்த்தாள். பெயின்ட் ஒட்டியிருந்தது. அந்த உயரத்தில் நீலமாக என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். சைக்கிள் கைப்பிடி. என்னப்பா இது என்று கேட்டதற்கு, ஏதோ கேட்டில் பட்டது என்றார். எந்த கேட் என்று அவள் கேட்கவில்லை. பயமாக இருந்திருக்க வேண்டும். பயப்பட வேண்டிய இடம் இது என்பது புத்திக்குத் தெரிந்தது, உடம்புக்கு வந்து சேரவில்லை.

சாவியைக் கொடுங்கப்பா, இனிமேல் நீங்கள் ஓட்ட வேண்டாம். சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஆனால் யாரிடம் சொல்வது? முப்பத்தொரு வருடம் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவரிடம். திங்கள், புதன், வெள்ளி தவிர வாரத்தில் வேறு நாளே இல்லாதவரிடம். அம்மா இருந்தால் சோறு போடும்போது சொல்லிவிடுவாள், இவரும் முறைத்துக்கொண்டே கேட்டுவிடுவார். மகளுக்கும் அவருக்கும் நடுவே இந்தப் பதினோரு மாதமாக இருக்கிற பேச்சு, எண்ணெய் மாற்றியாச்சா, டயருக்குக் காற்று பிடிச்சாச்சா, இவ்வளவுதான்.

பேசத் தெரியாதவர்களுக்கு வழக்கமாக வருகிற யோசனை அவளுக்கும் வந்தது. நாம் ஏன் சொல்ல வேண்டும், காகிதம் சொல்லட்டும்.

புகைப் பரிசோதனையில் ஒரு சூட்சுமம் உண்டு. சைலன்சர் குழாயின் நடுவே புகையைச் சுத்தம் செய்யும் டப்பா ஒன்று இருக்கிறது. அது நன்றாகச் சூடேறினால்தான் வேலை செய்யும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பரிசோதனைக்கு முன்னால் காரை அரை மணி நேரம் புறவழிச் சாலையில் சின்ன கியரிலேயே போட்டு உறுமவிட்டு, சூடு ஆறாமல் கொண்டுபோய் நிறுத்துவார்கள். வெள்ளைக் காரின் டப்பாவுக்கு ஆயுள் முடிந்து நாளாயிற்று. போன வருடமே அவள் அப்படி ஓட்டியும் மயிரிழையில்தான் தேறியது. சூடேற்றாமல் கொண்டுபோனால் நிச்சயம் விழும். புது டப்பாவின் விலைக்கு இன்னொரு பழைய காரே வாங்கலாம். பதினேழு வயதுக் காருக்கு யாரும் அதை மாற்ற மாட்டார்கள். கார் பழைய இரும்புக்குப் போகும். அப்பா ஒரு வாரம் பேசாமல் இருப்பார், பிறகு பழகிவிடுவார். மகள் மேல் குற்றம் இல்லை.

தப்பாக எதையும் செய்யப் போவதில்லை, செய்கிற வேலையைச் செய்யாமல் இருக்கப் போகிறாள், அவ்வளவுதானே என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அன்று சாயங்காலம் ஏதோ சத்தம் கேட்கிறது, நானே ஓட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லி, அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து வீட்டில் கொண்டுபோய் விட்டாள். காலையில் எட்டரைக்கு வருகிறேன், நானே எடுத்துப் போகிறேன் என்றாள். அங்கிருந்து பரிசோதனை நிலையம் பத்து நிமிடம். பத்து நிமிடத்தில் அந்த டப்பாவுக்கு வெதுவெதுப்புகூட வராது. சாவியைச் சுவரில் ஆணியில் மாட்டினாள். கையோடு எடுத்து வந்திருக்கலாம். எடுத்தால் ஏன் என்று கேட்பார், பதில் சொல்ல வேண்டிவரும். மாட்டிவிட்டு வந்தாள்.

மறுநாள் எட்டரைக்குப் போனபோது வாசலில் கார் இல்லை.

ஆணியும் காலியாக இருந்தது. அப்பா எப்போதும் இப்படித்தான், மகளுக்கு எதற்குச் சிரமம் என்று ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வார். எட்டு மணிக்கே கிளம்பிப் போனதாக எதிர்வீட்டு அம்மாள் சொன்னாள். அவள் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு நேரே நிலையத்துக்குப் போனாள். எட்டு மணிக்குக் கிளம்பியவர் எட்டு பத்துக்கு வந்திருக்க வேண்டும். வரிசையில் மூன்று கார்கள் நின்றன. வெள்ளைக் கார் இல்லை.

பரிசோதகர் அவளுக்குப் பதினைந்து வருடப் பழக்கம். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துவிட்டுத் தேடுகிற ஆசாமி. அப்பா வந்தாரா என்று கேட்டாள். வரவில்லை என்றார். இவள் வழியில் பார்த்த பள்ளிக்கூட வாசல் ஞாபகம் வந்தது. மணி எட்டரைக்கு அங்கே சைக்கிள்கள் சாரிசாரியாகப் போகும். நீல சைக்கிள் எத்தனை இருக்கும் என்று எண்ணப் பார்த்தாள். ஒவ்வொன்றும் இடது பக்கமாகவே வந்தது.

காத்திருக்கும் அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் நின்றுபோன காற்றாடி. அவள் உட்காரவில்லை. போன் செய்தாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது அப்பா போனை எடுக்க மாட்டார், முப்பத்தொரு வருட ஒழுக்கம். ஓட்டிக்கொண்டிருந்தால்தான் அந்த ஒழுக்கம் என்று இன்னொரு குரல் உள்ளே சொன்னது. மறுபடி போட்டாள். இரண்டு தடவை எண்ணைத் தப்பாக அழுத்தினாள். அம்மாவைக் குழியில் இறக்கியபோதுகூடத் தடுமாறாத விரல்கள். கார் விழட்டும் என்று சும்மா இருந்தவள் நான், சாவியை மாட்டிவிட்டு வந்தவள் நான் என்று திரும்பத் திரும்ப வந்தது. வாயைத் திறந்து ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வெள்ளைக் கார் வாசலில் நுழைந்தது. நுழைவதற்கு முன்னாலேயே சத்தம் வந்துவிட்டது. இரண்டாவது கியரில் கிடந்து அலறிக்கொண்டு, ஆமை வேகத்தில் வந்தது. கார் முழுசாக இருந்தது. அப்பா முழுசாக இருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாள். சுற்றி வந்ததாகச் சொன்னார். பத்து நிமிட வழிக்கு எதற்குச் சுற்று என்றாள். அந்த வழியில் இடது பக்கம் திரும்பவேண்டி இருக்கிறதே என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, சொன்னதை உடனே விழுங்கப் பார்த்தவர்போல, ரோட்டில் ஏதோ வேலை நடக்கிறது என்றார்.

இடது பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பாமல், ஊரெல்லாம் வலது வலதாகவே சுற்றி, எதிரே என்ன வருகிறதோ என்று இரண்டாவது கியரைத் தாண்டாமல், ஐம்பத்தைந்து நிமிடம் ஓட்டி வந்திருக்கிறார். காருக்குப் பக்கத்தில் போனபோது அனல் அடித்தது. அவள் வேண்டுமென்றே செய்யாமல் விட்ட வேலையை, அதைவிட இரண்டு மடங்காக அப்பா செய்து முடித்திருந்தார்.

பரிசோதனைப் பாதைக்குள் காரைப் பரிசோதகர்தான் ஓட்டிப் போவார், சொந்தக்காரர்கள் உள்ளே வரக்கூடாது. அப்பாவும் மகளும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். பிரேக் தேறியது, விளக்கு தேறியது. டயரைக் குனிந்து பார்த்துவிட்டு, மாற்றிவிடுங்கள் என்று ஒரு குறிப்பு எழுதினார். பிறகு சைலன்சர் வாயில் குழாயைச் சொருகினார். இயந்திரம் கொஞ்ச நேரம் மூச்சை இழுத்துவிட்டுச் சீட்டைக் கக்கியது.

பரிசோதகர் சீட்டோடு வெளியே வந்தார். பதினேழு வருடத்துக் கார் இப்படியொரு எண் காட்டி அவர் பார்த்ததில்லையாம். "என்ன மந்திரம் போட்டீங்கக்கா?" என்று சிரித்தார். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எல்லாம் என் பொண்ணு கைராசி என்றார். காரின் முன்கண்ணாடியில், தேறியதற்கு அடையாளமாகப் புது வில்லை ஒட்டப்பட்டது. இன்னும் ஒரு வருடம் அந்தக் காரை யாரும் ஒன்றும் கேட்க முடியாது.

காகிதம் பேசிவிட்டது. அவள் நினைத்ததைப் பேசவில்லை.

வெளியே நிறுத்துமிடத்தில் அப்பா ஓட்டுநர் இருக்கையில் ஏறிக்கொண்டார். ஸ்கூட்டர் இங்கேயே நிற்கட்டும், நானும் கூட வருகிறேன், அதற்கு முன்னால் விளக்கை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றாள். இப்போதுதானே பாஸானது, இன்னும் என்ன டெஸ்ட் என்று அலுத்துக்கொண்டார். ஆனாலும் சாவியைத் திருகிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த வேலையில் அவருக்கு ஒரு பெருமை என்று முன்னாலேயே சொன்னேன்.

அவள் எதிரே போய் நின்றாள். வலது கையைத் தூக்கினாள்.

அப்பா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போனது. அவள் கையை இறக்கவில்லை. ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"என்னம்மா, கைய தூக்கு. எவ்வளவு நேரம் உக்காந்திருக்கிறது?"

"தூக்கித்தான்பா நிக்கிறேன்."

அப்பாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை, தலை மட்டும் மெதுவாகத் திரும்பியது. இடது பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக, தேடிக்கொண்டே போய் அவள் கையில் வந்து நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கேட்டதைச் செய்ய வேண்டும் என்பதுபோல, இடது விளக்கைப் போட்டார். அது எரிந்து எரிந்து அணைந்தது.

அவள் கையை இறக்கினாள். தோள்பட்டை விண்விண் என்று வலித்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

அப்பா இறங்கினார். காரின் முன்பக்கத்தைக் கையால் தொட்டுக்கொண்டே சுற்றி வந்து, மறுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். சாவி அதன் இடத்திலேயே தொங்கியது. அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். ஈரமும் சூடுமாக இருந்தது.

"அது கேட் இல்லம்மா," என்றார். "ஒரு சைக்கிள்காரர். விழல, காலை ஊனிட்டாரு. ஆனா அவர் எங்கேர்ந்து வந்தார்னே எனக்குத் தெரியல."

அவள் தலையாட்டினாள்.

"முப்பத்தொரு வருஷம் ஒரு கீறல் கிடையாது."

"தெரியும்பா."

அவர் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, சின்னப் பிள்ளை எதையோ கேட்கிற குரலில் கேட்டார். "நாளைக்குப் புதன்கிழமை."

"நான் கூட்டிட்டுப் போறேன்பா. கூடவே உக்காந்திருக்கேன்."

அவள் இடது இண்டிகேட்டரைப் போட்டாள். வாசலைத் தாண்டி இடது பக்கம் திரும்பினாள். பத்து நிமிடத்தில் வீடு வந்துவிட்டது.